மூலையைக் கடித்தது யார்?

மேசை மேல் இரண்டு ஃபில்டர்கள் இருந்தன. காருக்குள் வரும் காற்றிலிருந்து தூசியைப் பிடித்து நிறுத்துகிற சாதனம். இரண்டும் வெள்ளை. இரண்டும் ஒரு பள்ளிக்கூட நோட்டு அகலம். கெட்டியான சட்டத்துக்குள் விசிறி மடிப்பது போல மடித்து மடித்து அடுக்கியிருந்தது உள்துணி. ஒன்று அசல், மற்றது நகல். சங்கடம் என்னவென்றால், நகல்தான் பார்க்க லட்சணமாக இருந்தது.

"இந்த ரெண்டுல எதைக் கட்டிக்கிறேன்னு கேட்டா, நான் இதைத்தான் கட்டிக்குவேன்," என்றான் கொழுந்தன், நகலைத் தூக்கிப் பிடித்து.

"அது உன்னைக் கட்டிக்கணுமே," என்றாள் அண்ணி.

அவளுக்குத் துப்பறியும் அலுவலகப் பலகையில் வேறு பெயர் இருந்தது. யாரும் அதைப் படித்ததில்லை. கொழுந்தன் அண்ணி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வழக்கு கொண்டுவருகிறவர்களும் அண்ணி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். இன்று இந்தத் தொழிற்சாலையின் முதலாளி, அப்பா வயது மனிதர், "வாங்க அண்ணி" என்றுதான் வரவேற்றார். அண்ணி என்ற உறவுக்குக் காரணமாக இருந்தவன் மட்டும் இப்போது இல்லை. ஒரு நாள் தன் சட்டைகளை எடுத்துக்கொண்டு வேறொருத்தி வீட்டுக்குப் போய்விட்டான். தம்பியை விட்டுவிட்டுப் போனான். ஊரார் வீட்டு வாசலில் நின்றே எந்த அலமாரியில் எது காணாமல் போயிருக்கிறது என்று சொல்லக்கூடிய அவளுக்கு, சொந்த வீட்டு அலமாரியில் சட்டைகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வந்தது தெரியவில்லை. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை. பேசினால் தொழில் கெட்டுவிடும்.

தொழிற்சாலையின் சாம்பிள் ரூமில் அவர்களை உட்காரவைத்திருந்தார்கள். மூன்று பக்கம் அலமாரி, நாலாவது பக்கம் கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் மடிப்பு இயந்திரம் துணியை வாங்கி மடிப்பாகத் துப்பிக்கொண்டிருந்தது. டக், டக், டக். காலையிலிருந்து கேட்டுக் கேட்டு, இருவரும் கத்திப் பேசிக்கொண்டிருப்பது இருவருக்குமே உறைக்கவில்லை.

விவகாரம் இதுதான். கடைகளுக்கு இன்னும் வராத இந்தத் தொழிற்சாலையின் புது ஃபில்டர், போன வாரம் இன்னொரு கம்பெனியின் பெட்டியில் கடைக்கு வந்துவிட்டது. அந்தக் கம்பெனியின் சொந்தக்காரர் வேறு யாருமில்லை, முதலாளியின் சகலை. மனைவியின் தங்கை கணவர். அக்கா தங்கையைக் கட்டிய இரண்டு பேரும் ஃபில்டர் செய்கிறார்கள். கல்யாண வீடுகளில் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்க்காமல் சாப்பிடுகிறார்கள்.

வரைபடம் ஒரே ஒரு பெண்ணிடம்தான் இருந்தது. அதை வடிவமைத்தவள் அவள். ஆகவே அவள்தான் திருடி என்பது முதலாளியின் கணக்கு. நேற்று அவர் மடிப்பு இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, எல்லோருக்கும் கேட்கும்படி அவளை அப்படிக் கூப்பிட்டுமிருந்தார்.

"ஷிஃப்ட் முடியறதுக்குள்ள எப்படிக் கொடுத்தாள்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க அண்ணி. அப்புறம் போலீஸ் பாத்துக்கும்," என்றார் காலையில்.

"யார் கொடுத்தாங்கன்னு கண்டுபிடிக்க வேணாமா?" என்று கேட்டாள் அண்ணி.

"அதான் தெரியுமே."

தெரிந்ததைக் கண்டுபிடிக்கச் சொல்லி வருகிற வாடிக்கையாளர்களிடம் அண்ணிக்குத் தனி பயம் உண்டு.

இப்போது அவள் நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மடிப்பின் உயரம், இடைவெளி, ஓரத்தில் பிடித்து இழுக்க வைத்த நாடா எல்லாம் அச்சு அசல். ஒரே ஒரு வித்தியாசம். நகலில் ஒரு மூலை இல்லை. அந்த இடத்தில் சட்டம் சின்னச் சின்ன அலையாக வளைந்து போயிருந்தது. யாரோ பிஸ்கட்டைக் கொறித்தது போல.

கொழுந்தன் பெட்டியின் மேல் அச்சடித்திருந்ததை உரக்கப் படித்தான். "'உலகத்தரம் வாய்ந்த அலைமுனைத் தொழில்நுட்பம்! லேசில் அழுக்காகாது!' அண்ணி, இப்படி ஒரு சட்டை கிடைச்சா நான் துவைக்கற வேலையே மிச்சம்."

"நீ எப்பத் துவைச்சே?"

"அதான் மிச்சம்னு சொல்றேன்."

வடிவமைப்பு அறையில் அந்தப் பெண் ஒரு டீக்கடை ரசீதை மடித்துக்கொண்டிருந்தாள். நேர்த்தியான சம மடிப்புகள். மேசையெங்கும் அப்படி மடிக்கப்பட்ட காகிதங்கள் சின்னச் சின்ன விசிறிகளாகக் கிடந்தன: பஸ் டிக்கெட், மருந்துச் சீட்டு, ஒரு கல்யாணப் பத்திரிகை. தொழிற்சாலையில் அவளுக்கு விசிறி என்றே பெயர். முப்பது வயதிருக்கும். நேற்றிலிருந்து அழுதிருக்க வேண்டும். ஆனால் இப்போது கோபமாகத்தான் இருந்தாள். அண்ணிக்கு அது பிடித்திருந்தது.

"இதுல திருடறதுக்கு அப்படி என்ன இருக்கு?" என்று கேட்டாள் அண்ணி.

"ஒண்ணுமில்ல. நாலு வருஷம் இருக்கு." விசிறி அசலை எடுத்து இரண்டு கையாலும் வளைத்தாள். அது வில் போல வளைந்தது. விட்டதும் சட்டென்று நிமிர்ந்தது. "காருக்குள்ள முன்னால கைப்பெட்டி இருக்கில்ல, பேப்பர் எல்லாம் போட்டு வைப்போமே, அதுக்குப் பின்னாலதான் இதோட இடம். வாய் சின்னது, உள்ளே பெருசு. வழக்கமா மெக்கானிக்தான் கழட்டி மாட்டணும். இதை யார் வேணா மாத்தலாம். வளைச்சு உள்ள விட்டா, அதுவா விரிஞ்சு நாலு பக்கமும் கச்சிதமா உக்காந்துக்கும். பழசாச்சுன்னா நாடாவைப் பிடிச்சு இழுத்தா வந்துடும்."

"மடிப்பு எதுக்கு?" என்றான் கொழுந்தன்.

"துணி நிறைய வேணும், இடம் கொஞ்சம்தான். உங்க பெட்டியில சட்டை வைக்கற மாதிரி."

"நான் மடிக்கறதில்லீங்க."

"அதனாலதான் நீங்க ஃபில்டர் செய்யறதில்ல."

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். தன் வேலையை வேறொருத்தி செய்வது அவனுக்குப் பிடிக்கவில்லை.

அண்ணி நகலை நீட்டினாள். "இந்த மூலை?"

விசிறி அதை வாங்கவே இல்லை. "அதைப் பாத்ததுலேர்ந்துதான் எனக்குத் தூக்கமே போச்சு. திருட்டு தெரியக்கூடாதுன்னு நானே மூலையை மாத்திக் கொடுத்தேனாம். முதலாளி சொல்றார். அண்ணி, அந்த மூலையை நான் போட்டிருந்தேன்னா போலீஸ்ல கொடுக்க வேண்டியதுதான், திருட்டுக்காக இல்ல. அது ஓட்டை. காத்துக்கு மடிப்புக்குள்ள நுழைஞ்சு வர்றது கஷ்டம், பக்கத்துல ஓட்டை இருந்தா சுலபம். எது வழியா வரும்?"

"அப்போ லேசில் அழுக்காகாதுன்னு போட்டிருக்கே?"

"ஆகாதுதான். தூசி ஓட்டை வழியா நேரா மூக்குக்குப் போயிட்டா ஃபில்டர் எப்படி அழுக்காகும்? ரொம்ப நாள் வெள்ளையாவே இருக்கும். ஜனங்க எடுத்துப் பாத்துட்டு 'அட, என்ன தரம்!'னு இன்னொண்ணு வாங்குவாங்க." அவள் சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றது. "எங்களோடது நல்லா உழைக்கும், சீக்கிரம் கறுத்துடும். அதனால விக்காது."

அண்ணி அந்த வாக்கியத்தை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். சில குடும்பங்களைப் பற்றியும் அதைச் சொல்லலாம் என்று தோன்றியது. உடனே அந்த நினைப்பைத் தள்ளிவிட்டாள், வேலை நேரம்.

"அப்ப இது தெரியாதவங்க செஞ்ச வெட்டு. தெரியாதவங்களே அதை நகல் எடுத்திருக்காங்க. வரைபடம் பாத்து எடுத்திருந்தா மூலை முழுசா இருந்திருக்கும். யாரோ ஒரு ஃபில்டரைக் கையில வெச்சுக்கிட்டு, அதைப் பாத்துப் பாத்துச் செஞ்சிருக்காங்க. இந்த மாதிரி எத்தனை செஞ்சீங்க?"

"ரெண்டே ரெண்டு. ஒண்ணு நீங்க பாத்தது. இன்னொண்ணு முதலாளி வண்டியில ஓடிக்கிட்டிருக்கு. முதல் ஃபில்டர் தன் வண்டியிலதான்னு ஒரே பிடிவாதம். நானே மாட்டறேன்னேன். 'ஒரு ஃபில்டர் மாட்ட இன்ஜினியரா? டிரைவர் எதுக்கு இருக்கான்?'னுட்டார்."

"அது இன்னும் அங்கேதான் இருக்கா?"

"கழட்டிக் கொடுங்க சார், எப்படி உழைச்சிருக்குன்னு பாக்கணும்னு கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். 'இருக்கட்டும்மா, காத்து மலையில வர்ற மாதிரி வருது'ன்னு சொல்லிடறார். நேத்துக் காலையில கூடச் சொன்னார்." விசிறி ரசீதின் கடைசி மடிப்பை நகத்தால் நீவினாள். "மத்தியானம் திருடின்னார்."

சாம்பிள் ரூமுக்குத் திரும்பி வந்ததும் டீ வந்தது. கொழுந்தன் டீயைக் குடித்துவிட்டு, சாவிக்கொத்தை எடுத்து, அதில் தொங்கிய நகவெட்டியை விரித்து, கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்தான்.

டிக்.

"வெளியே போய்ப் பண்ணு," என்றாள் அண்ணி.

"யோசிக்கும்போது வெட்டினாத்தான் யோசனை வரும். எனக்கு அந்தப் பொண்ணு மேலதான் சந்தேகம். ரொம்ப நல்லாப் பேசுது."

"உன்னை விட நல்லாப் பேசறவங்க எல்லாம் குற்றவாளின்னா ஊர்ல ஜெயில் பத்தாது."

டிக். அந்தச் சத்தம் அவளுக்கு ஆகாது. அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவான ஒரே பழக்கம் அது. கணவன் போன பிறகு பல சத்தங்கள் வீட்டிலிருந்து போயின. இது மட்டும் தம்பியிடம் தங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்னும் சில சமயம், அடுத்த அறையில் டிக் என்று கேட்கும்போது, யார் வெட்டுவது என்பது ஒரு நொடி அவளுக்குத் தெரியாமல் போகும். அந்த ஒரு நொடியை அவள் வெறுத்தாள். அது முடிவதையும் வெறுத்தாள்.

டிக். ஒரு நகத்துண்டு பறந்து வந்து நகலின் மேல் விழுந்தது. வெட்டுப்பட்ட மூலையில், ஓர் அலையின் குழிவுக்குள், அளவெடுத்து வைத்தது போலப் பொருந்தி உட்கார்ந்தது.

அண்ணி அதைப் பார்த்தாள். பிறகு கொழுந்தனின் கையைப் பிடித்தாள்.

"ஐயோ, வெளியே போறேன், போறேன்."

"இதைக் கொடு." நகவெட்டியைப் பிடுங்கி, காலிப் பெட்டியின் அட்டையை அதன் வாய்க்குள் கொடுத்து அழுத்தினாள். ஒரு பிறை. பக்கத்திலேயே இன்னொன்று. இன்னொன்று. நாலைந்து பிறைகள் சேர்ந்து அட்டையில் ஓர் அலை உண்டாயிற்று. அதை நகலின் மூலையோடு சேர்த்துப் பிடித்தாள்.

கொழுந்தன் இரண்டு அலைகளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு பெட்டியைப் படித்த அதே குரலில் சொன்னான்: "உலகத்தரம் வாய்ந்த நகவெட்டித் தொழில்நுட்பம்."

"கையில கத்திரி இல்லாத ஒருத்தர், அவசரத்துல, இருந்ததை வெச்சு வெட்டியிருக்கார். இதை வாங்கினவங்க அந்தக் கடியையும் பெரிய விஷயம்னு நினைச்சு அச்சு வார்த்திருக்காங்க. ஒவ்வொரு பல்லையும் விடாம."

"அவ்வளவு முட்டாளா சகலை?"

"முட்டாள் இல்ல. பொறாமை," என்றாள் அண்ணி. "மூத்தவர் செஞ்சா ஏதாவது காரணம் இருக்கும்னு உள்ளுக்குள்ள நம்பறவங்கதான் இப்படி நகல் எடுப்பாங்க. மதிப்பு இல்லாத இடத்துல இவ்வளவு சிரத்தை வராது." எழுந்தாள். "இந்தக் காம்பவுண்டுக்குள்ள காத்துக்கிட்டு இருக்கறதையே வேலையா வெச்சிருக்கறவர் யாரு?"

முதலாளியின் கார் முற்றத்தில் நிழலாகப் பார்த்து நின்றது. புதிது, கதவுப் பிடியில் ஒட்டிய பிளாஸ்டிக் காகிதம் இன்னும் உரிக்கப்படவில்லை. டிரைவர் அதன் நிழலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய செருப்பைச் சுற்றிலும் சிமெண்டுத் தரையில் சின்னச் சின்னப் பிறைகள் கிடந்தன. கொழுந்தன் அவற்றைக் காட்டி அண்ணியின் காதருகில், "சாட்சிகள் எல்லாம் படுத்துக்கிட்டே வாக்குமூலம் கொடுக்குது," என்றான்.

"டிரைவரண்ணே, உங்க நகவெட்டி நல்லா வெட்டுமா?" என்று கேட்டாள் அண்ணி.

"எல்லாத்தையும் வெட்டும்மா," என்றார் அவர் பெருமையாக. "ஒயரு, கயிறு, அட்டை..." அங்கே நின்றுவிட்டார்.

அண்ணி காத்திருந்தாள். மௌனத்தை நிரப்பாமல் விட்டால் எதிராளியே நிரப்புவார் என்பது அவள் இத்தனை வருஷத்தில் கற்ற ஒரே வித்தை. வீட்டில் மட்டும் அது பலித்ததில்லை. அங்கே இருவருமே அந்த வித்தை தெரிந்தவர்களாக இருந்தார்கள்.

டிரைவர் எழுந்துவிட்டார். "அந்தப் பொண்ணு பாவம்மா. நேத்து அவர் கத்தினதுலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல. ஆனா நான் எதையும் எடுக்கல, யாருக்கும் கொடுக்கல. மாட்டச் சொன்னாரு, மாட்டினேன். அவ்வளவுதான்."

"மூலை?"

"உள்ள போக மாட்டேன்னுச்சு. ஐயா பழைய வண்டியில ஒரு பெரிய ஹாரன் வெச்சிருந்தாரு. லாரிக்காரனே ஒதுங்குவான், அப்படி ஒரு ஹாரன். அதுக்குக் கட்டின தகடு ஃபில்டர் போற இடத்துல நீட்டிக்கிட்டு நின்னுச்சு. கேக்கலாம்னு போனா, 'எதையும் கேக்காதே, மாட்டு, மீட்டிங்குக்கு நேரமாச்சு'ன்னாரு. அதான் மூலையை லேசா..." நகவெட்டியை எடுத்துக் காட்டி, பற்களை நறநறவென்று கடிப்பது போல அழுத்தினார். "கொஞ்சமாத்தான்மா வெட்டினேன்."

"பழைய வண்டியிலயா?" என்றாள் அண்ணி. "அப்ப இந்தப் புது வண்டியில?"

டிரைவர் முன்கதவைத் திறந்தார். கைப்பெட்டியை இறக்கி, அதன் பின்னால் இருந்த சின்ன மூடியைக் கழற்றினார். கொழுந்தன் செல்போன் வெளிச்சத்தை அடித்துக் குனிந்தான்.

உள்ளே ஒன்றுமில்லை. சுத்தமான, கறுப்பான, காலியான ஒரு பொந்து.

"இந்த மாடல் காலியாத்தான்மா வரும். வாங்கினவங்கதான் போட்டுக்கணும்," என்றார் டிரைவர்.

"ஃபில்டர் கம்பெனி முதலாளி கார்ல ஃபில்டர் இல்ல," என்றான் கொழுந்தன் மெதுவாக, இனிப்பைச் சப்புகிறவன் போல. "அதுல மலைக்காத்து வேற வருது."

"அந்தப் பழைய வண்டி இப்ப எங்கே?" என்றாள் அண்ணி.

டிரைவர் ஆகாயத்தைப் பார்த்தார். "அதை மட்டும் ஐயாவே சொல்லட்டும்மா. எனக்கு இன்னும் ரெண்டு பொண்ணு படிக்குது."

முதலாளியின் அறையில் ஏ.சி. உறைய அடித்துக்கொண்டிருந்தது. சுவர் முழுக்கச் சான்றிதழ்கள். மேசைக்கு எதிரில் விசிறியை நிற்க வைத்திருந்தார். நாற்காலி காலியாக இருந்தும் உட்காரச் சொல்லவில்லை. அண்ணி அந்த நாற்காலியைக் கால் விரலால் தள்ளி விசிறியின் பக்கம் நகர்த்தினாள். விசிறி உட்கார்ந்தாள்.

"கண்டுபிடிச்சாச்சா?" என்றார் முதலாளி.

"ஆச்சு. நீங்க சொன்னது சரிதான். உள்ளேர்ந்துதான் போயிருக்கு."

"நான் சொல்லல?" அவர் சாய்ந்து உட்கார்ந்தார்.

"உங்க வண்டியில இருக்கற ஃபில்டர் எப்படி உழைக்குது?"

"அதுக்கென்ன, அருமையா! ஏறி உக்காந்தா மலையில..."

"புது வண்டியிலயா, பழசுலயா?"

சாய்ந்திருந்த முதலாளி நிமிர்ந்தார். "டிரைவர் எடுத்து இதுல மாட்டியிருப்பான்."

"நீங்க சொன்னீங்களா?"

"சொல்லணுமா? இது கூடத் தெரியாதா?"

"அவர் மாட்டல. உங்க புது வண்டியில ஃபில்டரே இல்ல. நீங்க புகழ்ந்துக்கிட்டிருந்தது வெறும் தூசிக் காத்தை." அண்ணி குரலை உயர்த்தவில்லை. "பழைய வண்டி எங்கே சார்?"

சுவருக்கு அப்பால் இயந்திரம், டக், டக். முதலாளியின் முகம் ஒவ்வொரு மடிப்பாகச் சுருங்குவதை அண்ணி பார்த்தாள். இந்த இடம் அவளுக்கு எப்போதும் பிடிக்காது. புத்தகங்களில் இந்த இடத்தில் துப்பறிகிறவர் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார். அவளுக்கு மட்டும் ஏதோ திறந்து கிடந்த குளியலறைக் கதவைத் தள்ளிவிட்டது போலிருக்கும்.

"கொடுத்துட்டேன்," என்றார் அவர்.

"யாருக்கு?"

"...சகலைக்கு."

விசிறி தலையைத் தூக்கினாள். கொழுந்தன் சுவரிலிருந்த சான்றிதழ் ஒன்றை மிக அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தான்.

"மாமனார் வீட்டு விசேஷத்துல," என்றார் முதலாளி. "அவரோட வண்டி வழியில நின்னு போச்சு. பஸ்ல வந்து இறங்கினார். எல்லாரும் பாத்துக்கிட்டிருந்தாங்க. நான் சாவியை எடுத்து அவர் கையில வெச்சேன். 'எனக்குப் புதுசு வரப்போகுது, இதை நீங்க ஓட்டுங்க'ன்னேன். என் பொண்டாட்டி அழுதுட்டா, சந்தோஷத்துல."

"அவர்?"

"வாங்கிக்கிட்டார்." நினைவு வந்து அவர் முகத்தில் ஒரு திருப்தி பளிச்சிட்டது, வந்த வேகத்தில் அணைந்தது.

அண்ணிக்கு அந்தக் கூடம் கண்ணில் தெரிந்தது. எல்லோர் முன்னாலும் நீட்டப்பட்ட சாவி. வாங்காவிட்டால் கர்வம், வாங்கினால் தாழ்வு. வாங்கி வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய், கதவைச் சாத்திக்கொண்டு, அந்த மனிதர் முதலில் திறந்து பார்த்தது இன்ஜினாக இருந்திருக்காது.

"நீங்க அவரை மட்டம் தட்டக் கொடுத்த வண்டி. உள்ளே இந்தப் பொண்ணோட நாலு வருஷ உழைப்பு, டிரைவர் நகவெட்டியால கடிச்ச மூலையோட, உக்காந்திருந்துச்சு. மாத்தறதுக்குச் சுலபமான ஃபில்டர், யாரும் மாத்தல. யாரும் எடுத்துக்கூடப் பாக்கல."

"சகலை மேல கேஸ் போடலாமே சார்?" என்றான் கொழுந்தன் சான்றிதழைப் பார்த்தபடியே.

"போட்டா, உங்க கைக்கு எப்படி வந்துச்சுன்னு அவரைக் கேப்பாங்க. அவர் சொல்வார், தானமா வந்ததுன்னு." முதலாளி கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்தார். பிறகு அண்ணியின் பக்கம் சாய்ந்து, விசிறி அங்கே இல்லாதது போலக் குரலைத் தாழ்த்தினார். "அண்ணி, இது நமக்குள்ள இருக்கட்டும். அடையாளம் தெரியாத நபர் எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு முடிச்சுடுவோம். இந்தப் பொண்ணு வேலையில இருக்கட்டும். எல்லாருக்கும் நல்லது."

"அடையாளம் தெரியாத நபர்னா சரியாத்தான் இருக்கு அண்ணி," என்றான் கொழுந்தன். "இவரை இவருக்கே இப்பத்தான் அடையாளம் தெரியுது."

அண்ணி சிரிக்கவில்லை. விசிறியைப் பார்த்தாள். அடையாளம் தெரியாத நபர் என்றால், நாளையிலிருந்து இயந்திரக் கூடத்தில் ஒவ்வொருவரும் விசிறியின் முதுகைப் பார்த்து அந்த அடையாளத்தைத் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள். போலீஸ் வராது, சந்தேகம் போகாது. அதுவும் ஓட்டைதான். வெளியே வெள்ளையாகத் தெரிகிற ஓட்டை.

"என்னை எங்கே வெச்சுச் சொன்னீங்களோ, அங்கே வந்து சொல்லுங்க சார்," என்றாள் விசிறி.

"என்னத்த?"

"யார் கொடுத்தாங்கன்னு."

"அதெல்லாம் தேவையாம்மா? நான் உன்னை ஒண்ணும்..."

"தேவை," என்றாள். "இல்லேன்னா நான் உங்க சகலைகிட்டப் போறேன். அவராவது என் வேலையை ஒரு நூல் விடாமப் பாத்திருக்கார். டிரைவர் கடிச்சதைக் கூட விடல."

முதலாளி எழுந்தார். வேறு வழி இருக்கிறதா என்று சான்றிதழ்களை ஒருமுறை பார்த்தார். பிறகு கதவைத் திறந்துகொண்டு நடந்தார்.

கூடத்தில் இயந்திரம் முழு மூச்சில் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுகிறவர்கள், ஒட்டுகிறவர்கள், பெட்டியில் அடுக்குகிறவர்கள் எல்லோரும் தலையைத் தூக்கினார்கள். முதலாளி இயந்திரத்துக்கு மிக அருகில் போய் நின்றார். எங்கே சத்தம் அதிகமோ அங்கே.

உதடு அசைந்தது. கை ஒருமுறை விசிறியின் பக்கம் நீண்டது. டக், டக், டக். சொல்லி முடித்துவிட்டவர் போல அவர் திரும்பினார்.

விசிறி சுவரோரம் நடந்து போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

இயந்திரம் ஒருமுறை குலுங்கி நின்றது. அந்த அமைதி, காதில் பஞ்சை எடுத்தது போல, எல்லோருக்கும் சேர்ந்து கேட்டது. நடுவில் நின்றால் ஒரு கை நீளத் துணி வீணாகும்; அதற்காகவே இயந்திரத்தை நிறுத்துகிறவர்களை முதலாளி திட்டாத நாளில்லை. இன்று அவர் திட்டவில்லை.

"நேத்து நீங்க நிறுத்தச் சொன்ன அதே பட்டன்தான் சார்," என்றாள் விசிறி. "இப்பச் சொல்லுங்க."

"இந்தப் பொண்ணு..." தொண்டையைக் கனைத்தார். "இவ எதையும் எடுக்கல. கொடுத்தது நான்தான்."

பின் வரிசையிலிருந்து, பெட்டி அடுக்குகிற பெரியவர் காதைக் கையால் குவித்தார். "கேக்கலீங்கய்யா. யாரு கொடுத்தது?"

"நான்தான்யா!" என்று கத்தினார் முதலாளி. "நானேதான்! என் வண்டியோட சேத்து, என் கையால கொடுத்தேன்! போதுமா?"

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பு எல்லோர் கன்னத்துக்குள்ளும் மடிந்து கிடந்தது. தேநீர் இடைவேளைக்கு விரியும். பெரியவர் மட்டும் தலையை ஆட்டிவிட்டு, தன் பெட்டியைத் தள்ளி, பக்கத்தில் விசிறி வழக்கமாக நிற்கும் இடத்தைத் துடைத்துவிட்டார்.

விசிறி வீணான துணியைக் கத்திரியால் நேராக வெட்டி எடுத்தாள். பச்சைப் பொத்தானை அழுத்தினாள். டக், டக், டக்.

புறப்படும்போது விசிறி முற்றம் வரை வந்து, ஒரு புது ஃபில்டரைக் கார் ஜன்னல் வழியாக நீட்டினாள். "உங்க வண்டிக்கும் இதே அளவுதான். எப்ப மாத்தினீங்க?"

"ஞாபகம் இல்ல," என்றாள் அண்ணி. அது உண்மைதான்.

கொழுந்தன் உடனே மாட்டிவிட வேண்டும் என்று நின்றான். அவன் நகவெட்டியைக் கையில் எடுத்ததைப் பார்த்து விசிறி அதைப் பிடுங்கிக்கொண்டாள். கைப்பெட்டியை இறக்கினான். பின்னால் கைவிட்டு இழுத்தான். பழைய ஃபில்டர் முரண்டு பிடித்து, பிறகு வந்தது. கரிக்கட்டி போல இருந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்து, சட்டத்தின் ஓரத்தைக் கட்டைவிரலால் துடைத்தான்.

"அண்ணி."

"என்ன?"

"இது அண்ணன் மாட்டினது. சட்டத்து ஓரத்துல அவன் கையெழுத்துல தேதி போட்டிருக்கான்."

அண்ணி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தாள். இத்தனை நாளும் இந்த மூடிய பெட்டிக்குள் உட்கார்ந்து ஊரெல்லாம் சுற்றியிருக்கிறாள். சுவாசித்ததெல்லாம் இதன் வழியாகத்தான். முற்றத்தில் டிரைவரின் நிழல் முக்காலியோடு நகர்ந்து மறுபக்கம் போயிருந்தது.

"தூக்கிப் போடு."

"ஒரு தடவை பாத்துடுங்க. இதுல என்னென்னமோ ஒட்டியிருக்கு. முடி கூட இருக்கு, நீளமா..."

"வேணாம்," என்றாள் அண்ணி, சாவியைத் திருகி. "பாத்தா துப்பறியத் தோணும்."